உங்களுக்குத் தெரியுமா? கணினி சொன்னால் தொலைநோக்கி திரும்பும்!

★ வானத்தோடு சேர்ந்து தானே திரும்பும் தொலைநோக்கிக்கு இருநூறு வயதாகிவிட்டது. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் செய்த பெரிய தொலைநோக்கி ஒன்று 1824-இல் டோர்பாட் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அந்த ஊர் எஸ்டோனியாவில் டார்ட்டு என்ற பெயரில் இருக்கிறது. எடைக்கல்லின் இழுப்பில் ஓடும் கடிகாரப் பொறிதான் அதைத் திருப்பியது. இப்போது அந்த வேலையை, தொலைநோக்கியைத் தாங்கி நிற்கும் மோட்டார் பொருத்திய மவுண்ட் செய்கிறது. மோட்டாருக்கு உத்தரவு கணினியிலிருந்து போகிறது.

★ நட்சத்திரங்களை வைத்து அளந்தால் பூமி ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது. அதனால் மவுண்ட் விநாடிக்குச் சுமார் 15 விகலை திரும்ப வேண்டும். பஞ்சாங்கத்தில் பார்க்கிறோமே, பாகை, கலை, விகலை, அதே அளவுகள்தான். நிலாவுக்கும் சூரியனுக்கும் வேகம் வேறு. நல்ல மென்பொருளில் மூன்றுக்கும் தனித்தனித் தேர்வு இருக்கும்.

★ மென்பொருள் தேடப் போகிறவர்களை முதலில் மயக்குவது அழகான வான வரைபடம். ஸ்டெல்லேரியம், கார்ட் டு சியல் இரண்டுமே இலவசம், இரண்டுமே அருமையானவை. ஆனால் வரைபடத்தில் சனியைச் சொடுக்கினால் மவுண்ட் திரும்புவதற்கு, நடுவில் இன்னொருவர் உழைக்க வேண்டும். அவர்தான் டிரைவர். ‘அங்கே போ’ என்று வரைபடம் சொல்வதை மவுண்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுபவர் அவரே. வரைபடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டிரைவர் சரியில்லை என்றால் இரவு முழுவதும் வீண். ஆகவே முதல் கேள்வி ‘எந்த மென்பொருள் நல்லது?’ என்பதல்ல, ‘என் மவுண்டுக்கு எந்த டிரைவர் ஒழுங்காக இருக்கிறது?’ என்பதே.

★ ஒரு காலத்தில் ஒவ்வொரு மென்பொருளை எழுதியவரும் ஒவ்வொரு மவுண்டுக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது. பத்து மென்பொருள், பத்து மவுண்ட் என்றால் நூறு இணைப்புகள்! 1998-இல் அமெரிக்கரான பாப் டென்னி தொடங்கிவைத்த ஆஸ்காம் இதை மாற்றியது. எல்லோரும் ஒரே பொது மொழியில் பேசுவது என்று ஏற்பாடானதும் நூறு இருபதாகிவிட்டது. விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இதுவே ராஜபாட்டை. இதன் தம்பியான அல்பாக்கா, விண்டோஸ் இல்லாத கணினியிலும் வலையமைப்பு வழியாக வேலை செய்யும்.

★ லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அதேபோன்ற பொது மொழி இண்டி. எல்வுட் டவுனி வடிவமைத்தது. தொடக்கத்திலிருந்தே வலையமைப்புக்காகக் கட்டப்பட்டது என்பது இதன் பெரிய பலம். மொட்டை மாடியில் மவுண்டோடு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, கீழே அறையில் உங்கள் மடிக்கணினி, நடுவில் வைஃபை. கே-ஸ்டார்ஸ் மென்பொருளும் அதற்குள் இருக்கும் எக்கோஸும் இந்த வழியில்தான் மவுண்டோடு பேசுகின்றன. பனியிலும் கொசுக்கடியிலும் உட்கார வேண்டியதில்லை.

★ தொலைவிலிருந்து இயக்குவதில் நம் நாட்டுக்கே பெருமையான உதாரணம் உண்டு. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது 2 மீட்டர் ‘ஹிமாலயன் சந்திரா’ தொலைநோக்கி. அதை இயக்குபவர்கள் பெங்களூருக்கு அருகே ஹோசகோட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள், செயற்கைக்கோள் இணைப்பின் உதவியோடு.

★ மீட் நிறுவனம் 1992-இல் எல்.எக்ஸ்.200 என்ற தொலைநோக்கியோடு ஒரு கட்டளை மொழியையும் கொண்டுவந்தது. முக்காற்புள்ளியில் தொடங்கி, ஓரிரு எழுத்து, கடைசியில் ஒரு ‘#’ குறி: அவ்வளவுதான் கட்டளை. கையால் செய்துகொள்ளும் ஆன்ஸ்டெப் கட்டுப்பாட்டுக் கருவிகள்கூட இன்றும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

★ எல்லாம் சரியாக இணைந்திருக்கும், ஆனாலும் குறி தள்ளிப்போகும். காரணம் பல நேரம் ஆண்டுக் கணக்கு. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால், வான ஆயங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை நகர்கின்றன. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கணக்கில் சேர்ப்பதும் இதே நகர்வைத்தான். மென்பொருள் 2000-ஆம் ஆண்டு ஆயங்களை அனுப்ப, மவுண்ட் அதை இன்றைய ஆயமாக எடுத்துக்கொண்டால், கால் நூற்றாண்டில் சுமார் 21 கலை பிசகு சேர்ந்துவிடும். முழுநிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு! நல்ல மென்பொருள், மவுண்ட் எந்த ஆண்டு ஆயங்களை எதிர்பார்க்கிறது என்று டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தானே சரிசெய்யும்.

★ கடிகாரம் 4 நிமிடம் தவறினால் குறி ஒரு பாகை தவறும். இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணியை ஐந்து என்று உள்ளிட்டால் ஏழரைப் பாகை!

★ இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஸ்கை-வாட்சர் மவுண்டுகளை ஈ.க்யூ.மாட் டிரைவர் வழியாக, கைக்கருவி இல்லாமலே நேராக இயக்கலாம். ஆனால் மவுண்டின் துளையில் சாதாரண சீரியல் கேபிளை அப்படியே செருகக் கூடாது. அந்த மின்பலகை எதிர்பார்ப்பது குறைந்த மின்னழுத்தம். சீரியல் கேபிளில் வருவது அதைவிட அதிகம். பலகை கருகிப்போகலாம். அதற்கென்றே விற்கும் யு.எஸ்.பி. கேபிளை வாங்குங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் யு.எஸ்.பி. துளையே இருக்கிறது, அங்கே இந்தக் கவலை இல்லை.

★ தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பதை ஒரு புகைப்படமே சொல்லிவிடும். படத்தில் உள்ள நட்சத்திரங்களை நான்கு நான்காகச் சேர்த்து, அவை அமைந்திருக்கும் வடிவத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது ஆஸ்ட்ரோமெட்ரி.நெட். ஆஸ்டாப் என்ற இலவச மென்பொருளும் அப்படியே. கேமரா வைத்திருப்பவர்கள் இந்த வசதி இல்லாத மென்பொருளைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

★ பற்சக்கரம் எவ்வளவு நுட்பமாகச் செய்திருந்தாலும் லேசாக ஆடும். வழிகாட்டி நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே அந்த ஆட்டத்தைத் திருத்துகிறது பி.எச்.டி.2 மென்பொருள். இதுவும் இலவசம்.

★ வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் ‘துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டை நிறுத்துங்கள்’ என்று தொடங்கும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கன்னியாகுமரியில் 8 பாகை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். நினா என்ற இலவச மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று இடங்களைப் படம் எடுத்து, மவுண்டின் அச்சு எவ்வளவு தவறியிருக்கிறது என்று சொல்லும் செருகுநிரல் அதற்கு உண்டு. நம் ஊர் மாடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வசதியை நான் பார்த்ததில்லை.

★ ஆஸ்காம், இண்டி இரண்டிலும் பொய்த் தொலைநோக்கி ஒன்று கூடவே வருகிறது. உண்மை மவுண்ட் இல்லாமலே, திரையில் மட்டும் திரும்பும் ஒத்திகைக் கருவி அது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் அதை வைத்துப் பழகுங்கள். எந்த மென்பொருள் உங்கள் கைக்கு வருகிறது, எது வரவில்லை என்று தெரிந்துவிடும். மவுண்டைப் பிறகு வாங்கலாம்.