கரி அடுப்புக்கு 'பார்ட்ஸ்' எங்கே? காயலான் கடையில் இல்லை, பட்டறையில் உண்டு!

இளம்பிள்ளை:-

கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிறது இளம்பிள்ளை. அந்த மலையில் இரும்புத் தாது கொட்டிக் கிடக்கிறது. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர், பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்து, சேலம் பகுதித் தாதுவை மரக்கரி போட்டு உருக்கினார். மலைக்குப் பக்கத்திலேயே சேலம் உருக்காலையும் வந்துவிட்டது.

இருந்து என்ன பயன்? தாத்தா காலத்துக் கரி அடுப்புக்கு உடைந்த தட்டு ஒன்று வேண்டும் என்றால், கடையில் கிடைக்காது!

சேலைக்குப் பேர் போன ஊர் இது. எந்நேரமும் தறிச் சத்தம். விடியற்காலையிலேயே தறிக்காரர்களுக்கு டீ வேண்டும். ஒரு காலத்தில் டீக்கடைக்கு அடையாளமே நடுவில் கரி கனியும் செம்பு பாய்லர்தான். வீட்டில் குமுட்டி அடுப்பு. நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் செய்த 'லெக்கோ' கட்டிகளும் தமிழ்நாட்டு அடுப்புகளில் எரிந்தன. கேஸ் வந்தது, எல்லாம் பரணுக்குப் போயின. லெக்கோவும் இப்போது இல்லை.

பரணில் இருந்து இறக்கித் துடைத்து, மறுபடி மூட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் படும் பாடு என்ன? விவரம் வருமாறு:-

எடைக்கு எடை காசு!

பாத்திரக் கடையில் கேட்டால், அந்த ஐட்டமே வருவதில்லை என்று கையை விரிப்பார்கள். காயலான் கடைக்குப் போனால், உங்கள் அடுப்பையே தராசில் தூக்கி வைத்து விலை பேசுவார்கள். செம்பு பாய்லர் என்றால் விலை கூடுதல். அங்கே ஆசைப்பட்டுத் தலையாட்டினால் அதோடு கதை முடிந்தது. மூன்று தலைமுறை டீ கொடுத்த பாய்லர் உலைக்குப் போய்விடும்.

'பார்ட்ஸ் இல்லை' என்றால் 'வழி இல்லை' என்று அர்த்தமா? அதுதான் இல்லை!

ஊட்டி ரயிலுக்கும் இதே கதி

இதே தலைவலி ரயில்வேக்கே வந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோ மீட்டர் மலைப்பாதை. கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். பல்சக்கரம் கடித்துக் கடித்துத்தான் ஏற வேண்டும். இதற்கென்றே சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்துக் கம்பெனி 1914-ல் இருந்து 1952 வரை 'எக்ஸ்' வகை என்ஜின்களைச் செய்து அனுப்பியது.

நீராவி என்ஜின் என்றால் என்ன? கீழே கரி அடுப்பு, மேலே கொதிக்கும் கொப்பரை, அடியில் சக்கரம். அவ்வளவுதான்!

அந்தக் கம்பெனி இந்த வகையை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உலகத்தில் எந்தக் கடையில் போய் உதிரி பாகம் கேட்பது? திருச்சி பொன்மலை பணிமனைக்காரர்கள் கடை தேடி அலையவில்லை. தாங்களே செய்தார்கள். 2011-ல் இருந்து எண்ணெயில் ஓடும் புது என்ஜின்கள் வந்தன. 2021-ல் நிலக்கரி போட்டு எரிக்கும் என்ஜினையே புதுசாகச் செய்து மலைக்கு அனுப்பினார்கள்.

முழு என்ஜினுக்கு நடந்த காரியம் ஒரு முழ அடுப்புக்கு நடக்காதா?

உடைந்ததை வீசாதே!

முதல் பாடம்: உடைந்த துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. அதுதான் 'பேட்டர்ன்'. கரி நிற்கும் தட்டு இரண்டாக உடைந்திருந்தால் சேர்த்து வைத்து அளவு எடுக்கலாம். தச்சர் அதே மாதிரி மரத்தில் செதுக்கிக் கொடுப்பார். பவுண்டரியில் அதை மணலில் அழுத்தி அச்சு எடுத்து, இரும்புக் குழம்பை ஊற்றுவார்கள். வார்ப்படத்துக்குப் பேர் போன கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு தட்டுக்காக உலை மூட்ட மாட்டார்கள். வேறு வேலைக்கு ஊற்றும் நாளில் கூட ஒன்றாகச் சேர்த்து ஊற்றச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு 1/8 அங்குலம் சுருங்கும். அந்த அளவு பெரிதாக மர அச்சு செய்ய வேண்டும். ஆனால் தட்டு மட்டும் கொஞ்சம் லூசாக இருப்பதே நல்லது. நெருப்பில் அது விரியும். டைட்டாக உட்கார வைத்தால், விரிகிற தட்டு அடுப்பின் உடம்பையே பிளந்துவிடும்.

தட்டில் உள்ள பட்டைகள் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். சாம்பல் சிக்காமல் விழவும், காற்று ஏறவும் அந்தக் காலத்து ஆட்கள் செய்த ஏற்பாடு. இது தெரியாமல், வீடு கட்டும் முறுக்குக் கம்பியை வெட்டி வெல்டிங் வைத்தால் கொஞ்ச நாளில் தொங்கிப் போகும்.

துருப்பிடித்த போல்ட்டை உளி வைத்து அடிக்கவே கூடாது. மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் அசைந்து கொடுக்கும்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம்

உள்பூச்சு உதிர்ந்துவிட்டதா? கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசினால் வெடித்துக் கொட்டும். காற்று நன்றாக ஏறினால் கரி நெருப்பு 1000 டிகிரியைக் கூடத் தாண்டும். வீட்டுச் சிமெண்ட் அதைத் தாங்காது.

சேலத்துக்காரர்களுக்கு உடனே வெள்ளைக்கல் ஞாபகம் வரும். மாக்னசைட் செங்கல் பெரிய உருக்காலை உலைகளுக்குப் போகிற சரக்கு. ஆனால் காலையில் மூட்டி மத்தியானம் அணைக்கிற அடுப்புக்கு அது சரிப்படாது. சட்டென்று சூடேறி சட்டென்று ஆறினால் விரிசல் விடும். பயர் கிளே களிமண்ணும் பயர் பிரிக்சும்தான் சரி. சின்ன அடுப்புக்குக் களிமண்ணோடு பழைய ஓட்டை இடித்துப் பொடியாகக் கலந்து பூசலாம். நிழலில் பல நாள் காய வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும்.

எந்த ஈயம்?

பாய்லர் விஷயத்தில் உயிரே அடங்கியிருக்கிறது. செம்புக்கு உள்ளே ஈயம் பூசித்தான் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும். ஈயம் என்றால் வெள்ளீயம். காரீயம் விஷம்! பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மலிவாகப் பூசித் தருகிறேன் என்று சொல்பவரிடம் சரக்கு என்ன என்று கேட்காமல் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது. குழாய் பற்றவைக்கிற பொடியிலும் காரீயம் கலந்தது உண்டு. அதையும் விசாரிக்க வேண்டும்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் இல்லாத பாய்லரில் நெருப்புப் போட்டால் பூச்சு வழிந்து ஓடும்.

மூடி தொலைந்துவிட்டது என்று புது மூடியை இறுக்கமாகப் போட்டுவிடக் கூடாது. ஆவி போக வழி இல்லை என்றால் டீ பாய்லர் வெடிகுண்டுதான்.

புகைக்குழாய்க்குத் துத்தநாகம் பூசிய தகரம் மலிவு. ஆனால் சூடேறினால் அதில் கிளம்பும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். கறுப்புத் தகடோ ஸ்டெயின்லெஸ் தகடோ போடலாம்.

சத்தமில்லாமல் கொல்லும்!

எல்லாப் பாகமும் கிடைத்து, அடுப்பு ஜம்மென்று நிற்கிறது. உடனே அடுப்பங்கரையில் வைத்து மூட்டிவிடலாமா? கூடாது!

கனிந்த கரியில் புகை தெரியாது, வாசனையும் வராது. ஆனால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். 2024-ல் கொடைக்கானலுக்கு டூர் போன இளைஞர்கள் 2 பேர், பார்பிக்யூ கரி அடுப்பு கனிந்த அறையில் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. அடைத்த அறையில் எவ்வளவு நல்ல அடுப்பும் எமன்தான்.

முதல் நெருப்பை வாசலில் மூட்ட வேண்டும். ஒரு கை கரி போதும். மறுநாள் இரண்டு கை. விரிசல் தெரிகிறதா, சந்தில் புகை வருகிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் மூன்றாம் நாள் பால் காய்ச்சலாம். அப்போதும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் தூங்கும் அறைப் பக்கம் அடுப்பு போகவே கூடாது.