வயிற்று வலியும் கணையமும்

இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. நாம் சாப்பிட்டதும் அதன் உயிரணுக்களுக்குள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அலை அலையாக ஏறி இறங்கும். அந்தச் சைகைக்குத்தான் சீரண நீர் சுரக்கும். வெற்றிலைக்குத் தடவுற சுண்ணாம்பு இல்லீங்க இது!

சாராயம் உள்ளே போனால், அது கொழுப்போடு சேர்ந்து உண்டாகும் பொருள் கால்சியத்தை இறங்கவே விடாது. குடலில் போய் வேலை செய்ய வேண்டிய டிரிப்சின், கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரித்துவிடும்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறதா? வாந்தி நிற்கவில்லையா? "வாயுப் பிடிப்பு, சோடா குடிச்சா போயிடும்" என்று இரவைக் கடத்தாதீர்கள். 108-ஐ அழையுங்கள், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பித்தப்பைக் கல்லாலும் இது வரும். ஆகவே குடிக்காதவர்களும் அலட்சியம் செய்யக் கூடாது. வலி தணிந்த பிறகு மறுபடி குடித்தால், கணையம் கெட்டுச் சர்க்கரை நோயும் வரலாம்.