காணி எடுத்தலும் நட்டஈடும்

பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை அரசு எடுக்கலாம் என்பதைப் பெரும்பாலும் எவரும் மறுப்பதில்லை. பிணக்கு எழுவது விலையைப் பற்றியே. இலங்கையில் இதனை நெறிப்படுத்துவது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டமாகும்.

அதன் 5ஆம் பிரிவின்கீழ் அமைச்சர் செய்யும் பிரகடனம், காணி பொதுத் தேவைக்குரியது என்பதற்கு முடிவான சான்று. பின்னர் 7ஆம் பிரிவின் அறிவித்தல், உரித்துடையோரைக் கோரிக்கை சமர்ப்பிக்குமாறு அழைக்கும். அவ்வறிவித்தல் வர்த்தமானியில் வெளியான நாளில், மனமுவந்து விற்பவனொருவன் திறந்த சந்தையில் பெறத்தக்க விலை யாதோ, அதுவே சந்தைப் பெறுமதி. மனமுவந்து விற்பவன் என்பது கற்பனையே. விற்க விரும்பாதவனிடம் வாங்குவதற்கன்றோ சட்டம் வேண்டப்படுகின்றது! இவ்வுண்மையைக் கருதியே போலும், இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நட்டஈட்டின்மேல் நூற்றுக்கு நூறு வீதம் ஆறுதல் தொகை சேர்க்கின்றது.

கல்முனை தொடக்கம் தெற்கே நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில் இடர் இன்னும் ஒருபடி மிகும். வீடு வளவு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். எஞ்சிய காணி மரபுரிமையாளரிடையே பிரிக்கப்படாமலே பல்லாண்டு கிடப்பதுண்டு. உரித்துப் பற்றிப் பிணக்கு நேரின், காணி எடுக்கும் உத்தியோகத்தர் தாமே தீர்ப்பார். அன்றேல் மாவட்ட நீதிமன்றுக்கு அனுப்புவார். தொகையில் மனக்குறை உடையோர் 21 நாட்களுள் மீளாய்வுச் சபையை நாடவேண்டும். அவசரமெனின், நட்டஈடு கைக்கு வருமுன்னரே காணி கைமாறிவிடும். 38ஆம் பிரிவின் காப்புவாசகம் அதற்கு இடமளிக்கின்றது.

இவை யாவும் காணி எடுக்கப்பட்டவர்க்கே உரியன. அட்டாளைச்சேனைப் பகுதியைச் சேர்ந்த ஒலுவிலில், டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் துறைமுக வேலை தொடங்கி, 2013இல் திறப்புவிழா நிகழ்ந்தது. அலைதடுப்பு அணைகள் கரையோர மணலோட்டத்தை மறித்தன. துறைமுக வாயிலை மணல் மூட, அதன் வடக்கே கடல் கரையை அரித்துத் தென்னைகளை வீழ்த்தியது. ஒருவருடைய காணியிற் பாதியை எடுத்தால், மறுபாதிக்கு நேரும் கேட்டிற்கும் அவர் நட்டஈடு கோரலாம் என்கின்றது 46ஆம் பிரிவு. துறைமுக எல்லைக்கு வெளியே வாழ்ந்து, கடலுக்குக் காணியை இழந்தவருக்கோ 7ஆம் பிரிவின் அறிவித்தல் இல்லை; விசாரணையும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவருடைய காணி எடுக்கப்படவே இல்லை. அவர் தீங்கியல் வழக்கே தொடரவேண்டும். அங்கு, அரிப்புக்குக் காரணம் அணையே, இயல்பான கடற்பெருக்கு அன்று என நிறுவும் சுமையும் அவர்மேலதே.