ஆற்றுவழியும் சாலைவழியும்

1843-க்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பியவர், தாமிரபரணி ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்பியிருப்பார். கோடையில் இறங்கி நடக்கலாம். வெள்ளக் காலத்தில் தோணிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அந்த ஆண்டு பாலத்தைக் கட்டி முடித்தார். இன்று டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழிப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது.

தாமிரபரணிப் பக்கம் பயணம் போவதென்றால் அன்று எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு விடை முன்பே இருந்தது. ஆனியில் நெல்லையப்பர் தேர். சாரல் விழுந்தால் குற்றாலம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில். புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்கள். தைப்பூசத்துக்குத் திருப்புடைமருதூர் படித்துறை. நாளைப் பஞ்சாங்கம் சொன்னது. தங்குமிடத்தை உறவுக்காரர்கள் சொன்னார்கள். உறவு இல்லாத ஊரில் சத்திரம் இருந்தது. 1876-இல் ரயில் வந்த பிறகு, தென்னிந்திய ரயில்வே வெளியிட்ட கையேடு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சத்திரம் எங்கே, வண்டி கிடைக்குமா என்று எழுதி வைத்தது. ஊர்ப் பெயரைத் தட்டினால் விடுதிகளின் பட்டியல் விரியும் இன்றைய செல்போனுக்கு அந்தக் கையேட்டைப் பாட்டன் எனலாம். ஒரு வேறுபாடு: விடுதிக்காரர் நம்மிடம் ஆதார் அட்டை கேட்கிறார், சத்திரத்து மணியகாரர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். இரண்டில் எது துருவல் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆறு ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். கோயில்களும் படித்துறைகளும் அதன் கரையிலேயே வரிசையாக அமைந்தவை. நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயில்களின் கதையே ஆற்றோட்டத்தின் கதை: அகத்தியர் ஆற்றில் விட்ட ஒன்பது மலர்கள் ஒவ்வொன்றாய்க் கரை ஒதுங்கிய இடங்கள் அவை. பாபநாசத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு என இறங்கி, சேர்ந்தபூமங்கலத்தில் முடியும். நடந்து போனவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. தண்ணீர் போகும் திசையில் போனால் போதும்.

இப்போது அதே ஒன்பது கோயில்களும் ஒரே நாளில் முடிகின்றன. மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும், புரட்டாசிச் சனிகளில் நவதிருப்பதிக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகம் திருநெல்வேலியிலிருந்து தனிப் பேருந்து விடுகிறது. முழங்கால் வலியோடு வீட்டுக்குள்ளேயே இருந்த ஆச்சிமார் பலர் நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியைப் பார்த்தது இந்தப் பேருந்துகளால்தான். இதைச் சின்ன லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையை இப்போது ஆறு தீர்மானிப்பதில்லை. நடை சாத்தும் நேரம் தீர்மானிக்கிறது. வாடகைக் கார் ஓட்டுநரின் சட்டைப்பையில் நான்காய் மடித்த ஒரு தாள் இருக்கும்: எந்தக் கோயில் பதினொன்றரைக்கு, எது பன்னிரண்டுக்கு, மாலையில் எது முதலில் திறக்கும் என்று பேனாவில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியது. தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதரைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருப்பவரை வாசலில் ஹாரன் கூப்பிடுகிறது. ஒன்பதும் பார்த்தாயிற்று என்ற நிறைவோடு வீடு திரும்புகிறார்கள். எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்பது மறுநாளே கலங்கிவிடுகிறது.

கரையோரமாக வந்தவர் தவறவிட்டிருக்க முடியாத இடம் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் கலக்குமிடம். ஐந்து நிலைக் கோபுரத்தின் உள்சுவர்களில் பழைய ஓவியங்கள். மருத மரங்களில் பறவைகள். வீரவநல்லூரில் பிரதான சாலையை விட்டு இதற்குத் திரும்பும் வண்டிகள் குறைவு. இரண்டு நாள் பயணத் திட்டங்களில் இருட்டுக்கடை அல்வாவுக்குத் தவறாமல் ஒரு மாலை ஒதுக்கப்படுகிறது. திருப்புடைமருதூருக்கு அரைமணி நேரம் ஒதுங்குவதில்லை.

மலைப்பக்கம் மாற்றம் வேறு விதம். சமவெளியில் வழி திறந்துகொண்டே வந்தது, மலையில் அடைந்துகொண்டே வந்தது. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் காரையாற்றுக் காட்டில் குடில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் தங்கியிருந்தார்கள். அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போய்க் குளித்தார்கள். 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆன பிறகு காட்டின் கணக்கு மாறியது. தங்கும் நாட்கள் குறைக்கப்பட்டன; அந்தப் படகு நின்று வெகுகாலமாகிறது. பாபநாசம் செக்போஸ்ட்டில் பைகளைத் திறந்து, பாலித்தீன் உறைகளையும் பாட்டில்களையும் எடுத்து வைத்துவிட்டு, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, "அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள கீழ இறங்கிரணும்" என்று சொல்லி விடுகிறார்கள். பாபநாசம் வழியாகப் பொதிகை உச்சிக்கு ஏறிய அகத்தியர் பக்தர்கள் இன்று திருவனந்தபுரம் போய், கேரள வனத்துறையிடம் ஆன்லைனில் பதிந்து, போனக்காடு வழியாக ஏறுகிறார்கள். தமிழ்நாட்டு ஆற்றின் தலைமாட்டுக்குப் போக அடுத்த மாநிலத்து வாசல்! அந்த வழியில் 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கெடுபிடி பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் பாபநாசம் படித்துறையைப் பார்த்தவர்கள் அந்தக் கெடுபிடியை முழுக்கக் குறை சொல்ல மாட்டார்கள். பரிகாரம் செய்ய வருபவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். டன் கணக்கில் அவற்றை வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் பயணியிடம் கட்டுச்சோற்று மூட்டை இருந்தது, தண்ணீர் இருந்ததில்லை. குனிந்து இரு கையால் அள்ளிக் குடித்தார். இன்று திருநெல்வேலியைத் தாண்டிய பின் அப்படிக் குடிப்பவர் யாருமில்லை. ஊர்க் கழிவுநீர் சேருமிடம் எல்லோருக்கும் தெரியும்.

நிர்வாகமும் மாறியது. 1986 வரை மலை முதல் கடல் வரை ஒரே மாவட்டம். பிறகு ஆற்றின் கடைக்கோடி தூத்துக்குடிக்குப் போனது. 2019-இல் குற்றாலம் தென்காசிக்குப் போனது. குளிக்கத் தடை உண்டா என்பதை மணிமுத்தாற்றுக்கு ஓரிடத்தில், குற்றாலத்துக்கு வேறோரிடத்தில் விசாரிக்க வேண்டும். விசாரிப்பது வீண் வேலையல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில்தான் சென்னையை எட்டு மணி நேரத்துக்குள் தொடும் வந்தே பாரத் திருநெல்வேலியிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது.

அன்றைய பயணிக்குக் கிடைக்காத, இன்றையவருக்கு மட்டும் கிடைத்த ஒன்று, முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. ஊரில் மிஞ்சியது வெறும் பரம்பு. திருச்செந்தூர் சாலையில் போனவர் பஸ்ஸிலிருந்து பார்த்தால் செம்மண் மேடு, அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் அந்த இடத்திலேயே காட்சிக்கூடம் திறந்தார்கள். கண்ணாடித் தளத்தின்மேல் நின்று, காலுக்குக் கீழே குழியில் கிடந்தபடியே கிடக்கும் தாழிகளைப் பார்க்கலாம். சற்றுத் தள்ளிச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. நவதிருப்பதி போகிறவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நடை சாத்திய மதிய நேரத்தில் கோயில் வாசலில் காரை நிறுத்தித் தூங்க வேண்டியதில்லை; ஆதிச்சநல்லூர் காட்சிக்கூடம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சிறிது தூரம்தான். ஓட்டுநரின் தாளில் அந்த மதியம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.