பிள்ளையின் ஐ.க்யூ. 62... அத்தோடு எல்லாம் முடிந்ததா?

"ஐயா, இவனுக்கு மூளை வளர்ற மாதிரி ஏதாவது லேகியம் குடுங்க..."

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாய் கேட்டது இது. பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர். பக்கத்தில் ஒன்பது வயசுப் பையன். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்துப் பார்த்தேன். 'ஐ.க்யூ. 62' என்று எழுதியிருந்தது.

"மூணாப்பு படிக்கான். இந்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்க முடியாது, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்கன்னு சொல்லுதாங்க. மந்த புத்தியாம்..." அதற்கு மேல் அந்தத் தாயால் பேச முடியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வல்லாரை நெய் கொடுத்து, "ஒரு மாசம் கழிச்சு வாம்மா" என்று அனுப்பி வைத்தேன். அது நான் செய்த தப்பு. அந்தத் தப்பை வைத்துத்தான் உங்களிடம் சில விஷயங்கள் பேசப் போகிறேன்.

அந்த நம்பர் எங்கிருந்து வந்தது?

1904-ல் பிரான்ஸ் அரசாங்கம் ஒரு குழு போட்டது. பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, தனிக் கவனம் கொடுத்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்காக ஆல்ஃபிரட் பினே என்பவரும், தியோடர் சிமோன் என்ற டாக்டரும் 1905-ல் 30 சின்னச் சின்னச் சோதனைகளைத் தயாரித்தார்கள். இந்த வயசுப் பிள்ளை சராசரியாக இதைச் செய்யும் என்ற கணக்குப் பிறகு வந்தது.

எட்டு வயசுப் பிள்ளை ஆறு வயசுப் பிள்ளை செய்வதைத்தான் செய்கிறது என்றால் ஆறை எட்டால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 75 வரும். ஐ.க்யூ. என்பது ஆரம்பத்தில் இவ்வளவுதான். இப்போது பல சோதனைகளில், அதே வயசுப் பிள்ளைகள் கூட்டத்தில் இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். சராசரி 100. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் 70-க்குக் கீழே வருவார்கள்.

அறிவு கல்லில் வெட்டிய எழுத்து அல்ல, பயிற்சியால் வளரும் என்பதில் பினே உறுதியாக இருந்தார். பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று பார்க்க வந்த கருவி, பிற்காலத்தில் பிள்ளையைத் தள்ளி வைக்கும் கருவியாகவும் ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கும் இது வந்தது. 1930-களில் வி.வி.காமத் அதைக் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். 'பினே-காமத் சோதனை' என்று இன்றும் சொல்கிறார்கள். நாக்பூரில் டாக்டர் மாலின் இந்தியப் பிள்ளைகளுக்காக அமைத்த சோதனையும் உண்டு.

ஒரு கண்ணால் பார்த்தால் போதாது

ஐ.க்யூ. குறைவு என்பதை மட்டும் வைத்து 'அறிவுசார் குறைபாடு' என்று முடிவு கட்டக் கூடாது! இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல, மருத்துவ உலகமே ஒப்புக்கொண்ட விதி. மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, அறிவுத்திறன் சோதனையில் ஏறக்குறைய 70-க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு, அன்றாட வாழ்க்கைத் திறனிலும் வயசுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று, இது வளரும் வயசிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கான சங்கம் 1959-லேயே அன்றாடத் திறனையும் விளக்கத்தில் சேர்த்துவிட்டது. ஆனாலும் பள்ளிகள் நம்பரையே பிடித்துக்கொண்டிருந்தன. பள்ளியில் இருக்கும் ஆறு மணி நேரம் மட்டும் 'மந்தம்', வீட்டுக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, கடை கண்ணிக்குப் போய்வந்து, எல்லாரையும் போல இருக்கிறான்! இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 'ஆறு மணி நேர மந்தக் குழந்தை' என்றே பெயர் வைத்து, அங்கே 1970-ல் ஓர் அறிக்கை வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சோதனை வைத்து, தனி வகுப்பில் தள்ளிவிட்டார்கள். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள்.

2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடு இன்னும் ஒரு படி மேலே போனது. குறைபாடு லேசா, கடுமையா என்பதை அன்றாடத் திறனை வைத்தே தீர்மானிக்க வேண்டும், ஐ.க்யூ. நம்பரை வைத்து அல்ல என்று சொல்லிவிட்டது.

அன்றாடத் திறனை எப்படி அளப்பது?

இதற்கு 1935-ல் எட்கர் டால் என்பவர் ஓர் அளவுகோல் கொடுத்தார். அமெரிக்காவில் வைன்லேண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் பிறந்ததால் அதற்கு 'வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்' என்று பெயர். அதை நம் நாட்டுக்கு மாற்றியவரும் அதே மாலின்தான். பிறந்ததிலிருந்து 15 வயசு வரை 89 கேள்விகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பரீட்சை பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு! பிள்ளையைத் தினமும் பார்க்கிறவரிடம்தான் கேட்பார்கள். தானே சாப்பிடுகிறானா? சட்டைப் பட்டன் போடுகிறானா? தானே குளிக்கிறானா? கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா? மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா? இப்படி எட்டுப் பகுதிகளாகப் பார்த்து, 'சமூக வயசு' என்ன என்று கணக்கிடுவார்கள்.

தாய்மார்களே, இங்கே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 'அவனுக்குச் செய்யத் தெரியாது' என்பது வேறு, 'நான் செய்ய விட்டதே இல்லை' என்பது வேறு! எட்டு வயசிலும் நீங்களே ஊட்டிவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்கிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கௌரவத்துக்காகக் கூட்டவும் வேண்டாம், சான்றிதழுக்காகக் குறைக்கவும் வேண்டாம். இரண்டுமே பிள்ளையைத்தான் பாதிக்கும்.

நம்பர் கூடினாலும் ஆபத்து உண்டு

இன்னொரு வீட்டுக் கதை. பன்னிரண்டு வயசுப் பெண். ஐ.க்யூ. 74. "எழுபதுக்கு மேல வந்திட்டு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தானே குளிக்கத் தெரியாது. பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது. மிட்டாய் கொடுத்தால் யார் பின்னாலும் போய்விடும். அன்றாடத் திறனை அளந்தபோது 55 என்று வந்தது. வயசுக்கு வரப்போகிற பெண், யாரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும் என்பதே தெரியாமல் இருந்தது! நம்பரைப் பார்த்து நிம்மதியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். சோதனை முடிவில் நாலைந்து மார்க் இப்படி அப்படி இருப்பது சகஜம். 69 என்றால் குறைபாடு, 71 என்றால் நல்ல புத்தி என்று கோடு கிழிக்க முடியாது.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான்?

மூன்றாவது மாதமும் நெய் வாங்க வந்தார்கள். பையன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். "ஏலே, இங்க வா" என்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. அம்மா தோளைத் தொட்டதும் திரும்பி, என் வாயைப் பார்த்தான். எனக்குச் சுருக்கென்றது. "காதுல சீழ் வடியுமாம்மா?" என்று கேட்டேன். "சின்னப் பிள்ளையிலேருந்தே வடியுதுய்யா, எண்ணெய் காய்ச்சி ஊத்துவோம்..."

மூன்று மாதமாக நான் நாக்கைப் பார்த்தேன், நாடியைப் பார்த்தேன். காதைப் பார்க்கவில்லை!

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை டாக்டருக்குக் கடிதம் கொடுத்தேன். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. பாதிப் பேச்சு அவனுக்குக் கேட்டதே இல்லை. சிகிச்சைக்குப் பிறகு, உளவியல் நிபுணர் ஒருவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தமிழில் நிதானமாக மறுபடி சோதித்தார். எண்பதுக்கு மேலே வந்தது. அன்றாடத் திறன் வயசுக்குச் சரியாக இருந்தது. கடைக்குப் போவது, பீடி இலை வாங்கி வருவது, கணக்கு ஒப்பிப்பது எல்லாம் அவன்தானாம்! அந்தத் தாய் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

சோதனைக்கு முன்னால்: காது, கண் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் முக்கியம். பிறவியிலேயே தைராய்டு குறைவாக உள்ள குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை பாதிப்பைத் தடுத்துவிடலாம். வலிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோதனையின்போது: தாய்மொழியில் நடக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளை காய்ச்சலோடும் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருந்தால் வேறு நாள் கேளுங்கள். அன்றாடத் திறன் அளவீடும் செய்வார்களா என்று தவறாமல் கேளுங்கள்.

சோதனைக்குப் பின்னால்: நம்பரோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எதில் பின்தங்கியிருக்கிறான், அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். பல் துலக்குவதை எட்டுச் சின்னப் படியாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு படி பழக்கலாம். இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.

உண்மையிலேயே குறைபாடு இருக்கிறது என்றால் மறைக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. சான்றிதழ் வாங்குவதில் வெட்கமே வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம் 2005-லிருந்து நடக்கிறது.

கடைசியாக, ஒரு சித்த மருத்துவனாகச் சொல்கிறேன். வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ஐ.க்யூ.வை உயர்த்தும் லேகியம் என்று எந்த வைத்திய முறையிலும் ஒன்று கிடையாது. 'ஞாபக சக்தி சூரணம்' என்று லேபிள் இல்லாமல் விற்கும் பொட்டலங்களைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் ஈயம் கலந்திருந்தால் இருக்கிற மூளைத் திறனும் போய்விடும்.

அந்தப் பையன் இன்று மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கிறான். என் வைத்தியசாலை மோட்டார் ரிப்பேர் ஆனால் அவனைத்தான் கூப்பிடுகிறேன். 'ஐ.க்யூ. 62' என்ற அந்தக் காகிதம் மட்டும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. யாராவது ஒரு தாய் வந்து, "ஐயா, லேகியம் குடுங்க" என்று கேட்டால், அதை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "முதல்ல காதைக் காட்டும்மா" என்கிறேன்.