வலியை யார் எழுதுவது? திரைவழிக் கால்நடை மருத்துவம் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் யூதனேசியா என்று வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'நல்ல சாவு' என்பது பொருள். அதில் சாவு இருக்கிறது, கொல்பவன் இல்லை. தமிழில் நாம் 'கருணைக்கொலை' என்கிறோம். கொலை என்ற சொல்லை மறைக்காமல், பக்கத்தில் கருணையை உட்காரவைத்திருக்கிறோம். மருத்துவர்களோ இரண்டையும் விட்டுவிட்டு 'தூங்க வச்சிடலாம்' என்கிறார்கள். எங்கள் வீட்டு நாட்டு நாய் மணி தன் பதினான்காவது வயதில், கடைசி ஐந்து மாதங்களை இந்த மூன்று சொற்களுக்கும் நடுவில் கழித்தது. அந்த ஐந்து மாதமும் அதற்கு வைத்தியம் பார்த்தவர் சென்னையிலிருந்த ஒரு பெண் டாக்டர், கைபேசித் திரை வழியாக. ஒருமுறைகூட அவர் மணியைத் தொட்டதில்லை.

எங்கள் ஊர் தேனிப் பக்கம். கால்நடை மருந்தகம் இருக்கிறது, நல்ல டாக்டரும் இருக்கிறார். ஆனால் அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் வரிசை. சிறுநீரகம் பழுதாகி மூட்டும் தேய்ந்துபோன கிழட்டு நாயை வாரம் இரண்டு தரம் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் உட்காருவது அதற்கே வதை. அப்படித்தான் திரைக்கு வந்தோம்.

முதல் நாள் எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தது. தொடாமல் என்ன வைத்தியம்? ஆனால் மருத்துவத்தின் வரலாறே விலகி நிற்பதன் வரலாறும்கூட. 1816இல் லேனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது. காதை விலக்கியபோது முன்னைவிட நன்றாகக் கேட்டது என்பதுதான் வேடிக்கை. மருத்துவப் பார்வை என்பது கண்ணின் வேலை மட்டுமல்ல, அது ஓர் அதிகார ஏற்பாடு என்று 1963இல் எழுதிய ஃபூக்கோ இந்தக் குழாயையும் விட்டுவைக்கவில்லை. திரை அந்தக் குழாயின் நீட்சிதான். ஒரு வித்தியாசம் உண்டு: குழாயின் இரு முனையிலும் மருத்துவரும் நோயாளியும் இருந்தார்கள். இங்கே நடுவில் நான் வந்துவிட்டேன்.

"சார், உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டுங்க. வெளிச்சத்துக்கு வாங்க. விரலால அழுத்தி எடுங்க." அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் திரும்பவும் சிவக்க வேண்டும். ரத்த ஓட்டம் தெரியும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் இல்லை. தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. பிறகு அதே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி குத்தி ரிங்கர் லாக்டேட் ஏற்றவும் கற்றுக்கொடுத்தார். சிறுநீரகம் பழுதான நாய்க்கு வழக்கமான வலி மாத்திரைகளைத் தாராளமாகத் தர முடியாது, நாமாக மனித மாத்திரையை உடைத்துப் போடவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார் (பூனை வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்). ஒரு மாதத்தில் என் விரல்கள் அவருடைய விரல்களாகிவிட்டன. மருத்துவமனை என்கிற நிறுவனம் கட்டடத்தை விட்டு இறங்கி என் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் லாபம் இல்லாமலில்லை. மருத்துவமனை மேசையில் நாய் பயத்தில் வலியை மறைத்துக்கொள்ளும். வீட்டில் அது எப்படி எழுந்திருக்கிறது, எந்தப் படியில் தயங்குகிறது என்பதை மேசை பார்த்ததே இல்லை. பூனையின் வலியை அளக்க மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்குவாய், மீசை, தலை நிற்கும் விதம் என ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நாலு வந்தால் வலி மருந்து வேண்டும். தொடவே வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

ஆனால் யார் பார்ப்பது, யார் காட்டுவது? சட்டங்கள் தடுமாறுவதும் இங்கேதான். கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நேரில் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, 2023 பிப்ரவரியில் அந்தத் தளர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மருத்துவரின் கை இல்லாத குறையைத்தான் அவர்கள் யோசித்தார்கள். என் அனுபவத்தில் பெரிய சிக்கல் கேமராவைப் பிடிக்கிற கை.

நான் மணியை எப்போது படம் எடுத்தேன் தெரியுமா? காலை வெயிலில், அது வாலாட்டும்போது. கஞ்சி குடித்து முடித்த பிறகு. டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தது மணியை அல்ல, நான் தொகுத்த ஒரு பிரதியை. பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது மாதம் அவரே கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்து அனுப்புங்க சார். நீங்க பக்கத்துல நிக்காதீங்க." கைபேசியை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், மணி சுவர் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறது. திரும்பத் தெரியவில்லை. குரைக்கவும் இல்லை. மூளை தளர்ந்துபோன நாய்கள் அப்படி மூலையில் மாட்டிக்கொள்ளும், பகலும் இரவும் அவற்றுக்கு மாறிப்போகும் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகுதான் மதிப்பெண் தாள் வந்தது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வெளியிட்டது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து. முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வாழ்வைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற இந்தக் காரியம் எனக்கு அருவருப்பாக இருந்தது. உயிரைக் கணக்கேட்டில் ஏற்றுகிற நவீன அதிகாரத்தைப் பற்றி நானே எவ்வளவு பேசியிருக்கிறேன்! ஆனாலும் உட்கார்ந்து போட்டேன். நாற்பத்தொன்று வந்தது. மனைவியையும் தனியாகப் போடச் சொன்னார் டாக்டர். அவள் போட்டது இருபத்தெட்டு. ஒரே நாய், ஒரே நாள்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தத்துக்கு நான் ஏழு போட்டிருந்தேன், அவள் இரண்டு. காரணம் எளிது. விடிகாலையில் மூத்திரத்தைத் துடைத்தவள் அவள். புண் வராமலிருக்க நாலு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தவளும் அவள்தான். நான் எழுந்து வரும்போது மணி துடைத்த தரையில் படுத்திருக்கும். என் ஏழு, அவளுடைய உழைப்புக்கு நான் போட்ட மதிப்பெண், நாயினுடையது அல்ல. "ரெண்டுல எதை எடுத்துக்கறது டாக்டர்?" என்று கேட்டேன். "ரெண்டையும்தான் சார். இந்த வித்தியாசம்தான் எனக்கு வேணும்," என்றார். தத்துவம் படித்தவன் சொல்ல வேண்டிய பதில் அது.

மற்றமையின் முகம், மற்றமையின் குரல் என்று நாம் நிறையப் பேசியாகிவிட்டது. தெரிதா 1997இல் நிகழ்த்திய உரையொன்றில், குளியலறையில் தன் பூனை தன்னை நிர்வாணமாகப் பார்த்ததிலிருந்து தொடங்கி, விலங்கு நம்மைப் பார்க்கிறது என்பதைத் தத்துவவாதிகள் மறந்துவிட்டதாகக் குற்றம் சாட்டினார். சரிதான். ஆனால் அந்தப் பூனையின் மலத்தட்டை யார் கழுவினார்கள் என்பது அந்த உரையின் கேள்வி அல்ல. பேச முடியாத உயிருக்காக யார் பேசுவது என்பதற்கு எங்கள் வீட்டில் கிடைத்த விடை, துடைத்தவள் பேசட்டும் என்பது. அதுவும் முழு விடை இல்லை. களைத்துப்போனவள் குறைத்துப் போட மாட்டாளா? விருதுநகர் வட்டாரத்துத் தலைக்கூத்தல் பற்றி 2010இல் பத்திரிகைகள் எழுதியபோது நம்மை உலுக்கியது அதுதானே: படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு எண்ணெய்க் குளியல் போதும் என்று முடிவெடுத்தவர்களும் பார்த்துக்கொண்டவர்கள்தாம். மனைவியிடம் இதைச் சொன்னேன். "ஏங்க, நான் களைச்சதும் உண்மை, அது வலியில கெடக்கறதும் உண்மை. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு பொய்யாயிருமா?" என்றாள்.

மனிதர் விஷயத்தில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழி விட்டது. ஊசி போட்டு முடிப்பது குற்றமாகவே இருக்கிறது. விலங்குக்கு ஊசி உண்டு. வதைக்குள்ளான விலங்கை உயிரோடு வைப்பதே கொடுமை என்று தோன்றினால் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குத் தருகிறது. வீட்டில் மாஜிஸ்திரேட் யார்? என் தாத்தா உழவுமாடு தளர்ந்ததும் சந்தைக்கு ஓட்டிப்போனார். திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடிமாடாகத்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும். பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். நான் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டியிருந்தது, அதுவும் பதிவு செய்து.

ஐந்தாவது மாதம் மனைவியின் கூட்டுத்தொகை பதினாறு. என்னுடையது பத்தொன்பது. கடைசி வேலையைத் திரையால் செய்ய முடியாது. நரம்பு கிடைக்க வேண்டும், கை வேண்டும். ஊர் டாக்டரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். சென்னை டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்தார்: முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்க, கடைசியில ரெண்டு மூணு மூச்சு இழுக்கும், அது வலி இல்லை, மூத்திரம் போகும், கண்ணு தொறந்தே இருக்கும், பயந்துடாதீங்க. அப்படியேதான் எல்லாம் நடந்தது. கைபேசியை மனைவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மிச்சம் நாலு பாட்டில் ரிங்கர் லாக்டேட் பிரிக்காமல் இருந்தது. மறுநாள் மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழிச்சல் கண்ட கன்றுக்குட்டி ஒன்று வெளியே கட்டியிருந்தது. "இதுக்கு ஆகும்," என்று வாங்கிக்கொண்டார் டாக்டர்.