தானே கியர் மாறும் வண்டிக்கு எண்ணெய் மாற்றுதல்

மோட்டார் வண்டி ஓட்டக் கற்கும் எவரும் முதலில் இடர்ப்படுவது கிளச்சை மிதித்துக் கியர் மாற்றுவதில்தான். கால் ஒன்று செய்யக் கை மற்றொன்று செய்ய, வண்டி குலுங்கி நின்றுவிடுவது நாம் அடிக்கடி காணும் காட்சி. இந்தத் தொல்லையை ஓட்டுபவரிடமிருந்து நீக்கி வண்டியிடமே ஒப்படைத்துவிடப் பொறியியலார் நெடுங்காலம் முயன்றார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ‘ஹைட்ராமாட்டிக்’ என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டியை அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அத்தகைய வண்டிகள் உலகெங்கும் ஓடுகின்றன.

இந்தக் கியர்ப் பெட்டிக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. அதைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். வீட்டிலேயே அதைச் செய்து கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஆனால் அதற்கு முன், அந்த எண்ணெய் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம். காரணம் தெரிந்துவிட்டால், செய்முறை தானாகவே மனத்தில் நிற்கும்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் சுழலவிடுவோம். அதிலிருந்து வரும் காற்று பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே காற்றைத் தவிர வேறு இணைப்பு இல்லை. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் நெருக்கமாக அடைத்துவிட்டால் ஆற்றல் பெரிதும் வீணாகாமல் சென்று சேரும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியியலார் 1905-இல் இக்கருத்துக்கு உரிமை பெற்றார். அவர் கருதியது கப்பல்களை. பின்னர் அது கார்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே இவ்வண்டியில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்தை நோக்கி எடுத்துச் செல்வதே எண்ணெய்தான்.

அதன் பணி அத்துடன் முடியவில்லை. கியர் மாற வேண்டிய நேரத்தில், அழுத்தத்துடன் பாய்ந்து கிளச்சுத் தட்டுகளை இறுகப் பிடிக்கச் செய்வதும் அந்த எண்ணெயே. பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதும், அங்கே எழும் சூட்டை வெளியே கொண்டு செல்வதும் அதுவே. பல்சக்கரங்களுக்கு அது வழுக்க வேண்டும். கிளச்சுத் தட்டுகள் பற்றும்போது அளவோடு உராய்வும் தர வேண்டும். முரணான இவ்விரு குணங்களையும் பொருத்துவது எளிதன்று. அமெரிக்க உற்பத்தியாளர் ஒரு காலத்தில் இதற்காகத் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெயைக் கலந்து வந்தனர். 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சட்டம் அதைத் தடுக்கவே, வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேட நேர்ந்தது.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது. ஒரு வகைக் கியர்ப் பெட்டிக்கு ஏற்ற எண்ணெய் மற்றொன்றுக்கு ஏற்காது. கடையில் ஏ.டி.எஃப். என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் போதாது. வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் குறிக்கப்பெற்றிருக்கிறதோ, அதையே வாங்க வேண்டும். விலை மலிவு என்று வேறொன்றை ஊற்றிக் கியர்ப் பெட்டியை இழப்பது அறிவுடைமை ஆகாது.

எஞ்சின் எண்ணெய் போல இது எரிபொருளின் புகையோடு கலப்பதில்லை. எரிந்து குறைவதும் இல்லை. அளவு குறைந்தால், பெரும்பாலும் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். ஆயினும் சூட்டினாலும், தட்டுகளிலிருந்து உதிரும் நுண்துகள்களாலும் அதன் குணம் நாளடைவில் கெடுகிறது. புதிதாக இருக்கையில் பெரும்பாலும் சிவந்து தெளிந்திருக்கும் எண்ணெய், பழகப் பழகக் கறுக்கிறது. சில வண்டிகளைப் பற்றி, ‘ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை’ என்று கூறுவர். ஆனால் கியர்ப் பெட்டிகளையே செய்யும் இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது.

எல்லா வண்டிகளையும் வீட்டில் தொடலாமா? கூடாது. அளவு பார்க்கும் கம்பியும் வடிகால் திருகும் உள்ள வண்டியே தொடங்குபவருக்கு ஏற்றது. அளவுக் கம்பியே இல்லாமல், குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டும் அளவு பார்க்க வேண்டிய புதுவகை வண்டிகளைப் பணிமனையிடம் விட்டுவிடுவது நலம். எண்ணெயில் கருகல் நாற்றம் வீசி, கியரும் வழுக்கினால், தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று ஐயுற வேண்டும். புது எண்ணெய் தேய்ந்த தட்டை வளர்க்காது.

இனிச் செய்முறை. வண்டியைச் சில நிமிடங்கள் ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பாகும் அளவில் நிறுத்துக. மிகச் சூடான எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது; தாங்கி நிற்பதற்கு உரியதன்று. உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கி, அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் நுழையலாம். எண்ணெய் வீணானால் மீண்டும் வாங்கலாம். ஜாக்கி சரிந்து போன உயிரை மீட்க இயலாது. ஆதலால் இந்த ஒரு விதியில் விலக்கே வேண்டா.

வடிகால் திருகைத் தொடுமுன், எண்ணெய் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் நண்பர் ஒருவர் முதலில் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டார். பிறகுதான் ஊற்றும் துளையின் திருகு துருப்பிடித்து அசையாது என்பது தெரிந்தது. வண்டி இரண்டு நாள் முற்றத்திலேயே கிடந்தது. அதேபோல், எஞ்சின் எண்ணெய்த் திருகும் இதுவும் அருகருகே இருப்பதுண்டு. கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு அறிந்த பின்னரே திருகைக் கழற்றுக.

வடிந்த எண்ணெயை அளவு குறித்த கலத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். இதுவே வேலையின் உயிர்நாடி. அளவு முன்பு சரியாக இருந்ததானால், வெளியேறியது எவ்வளவோ, அவ்வளவே உள்ளே செல்ல வேண்டும். திருகில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானமே. உலோகச் சில்லுகள் தென்பட்டால் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுக. காந்தத்தை நூல் பிரியாத துணியால் துடைத்து, புது வாஷர் இட்டு, கையேடு கூறும் அளவுக்கே திருகை முடுக்க வேண்டும். மிகுதியாக முடுக்கினால் அலுமினியத்தில் வெட்டிய மரை அழிந்துவிடும்.

பின்னர்ப் புனல் வழியாக, அளந்த எண்ணெயைப் பொறுமையுடன் ஊற்றுக. வண்டியைத் தரையில் இறக்கி எஞ்சினை இயக்கி, பிரேக்கை அழுத்தியவாறே கியர்க் கோலை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் சூடானபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்ப்பர். சிலவற்றில் நிறுத்திய உடனே பார்ப்பர். இங்கும் கையேடே வழிகாட்டி. அளவு குறைந்தால், பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும், தட்டுகள் வழுக்கும். அளவு மிகுந்தால், சுழலும் உறுப்புகள் கடைந்து நுரை எழுப்பும்; நுரைக்கு அழுத்தம் தாங்கும் வலிமை இல்லை.

இத்தனையும் செய்தபின், எண்ணெய் முழுவதும் புதிதாகிவிட்டதா? இல்லை. விசிறிகள் உள்ள கூட்டிலும் குழாய்களிலும் பழைய எண்ணெய் தங்கிவிடுகிறது. பெட்டி 8 லிட்டர் கொள்ளும் என்றும், வடிந்தது 4 லிட்டர் என்றும் கொள்வோம். முதல் முறையில் பாதியே புதிது. சிறிது தொலைவு ஓட்டி, இரண்டாம் முறையும் மாற்றினால் நான்கில் மூன்று பங்கு புதிதாகும். மூன்றாம் முறையில் எட்டில் ஏழு பங்கு. பள்ளியில் பெருக்குத் தொடர் பயின்ற மாணவர்கள் இக்கணக்கை உடனே அறிந்துகொள்வார்கள். எத்தனை முறை மாற்றினாலும் பழையது சிறிது எஞ்சவே செய்யும். அதனால் குற்றமில்லை.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டலாகாது. அது நிலத்தையும் நீரையும் கெடுக்கும். மூடியுள்ள கலத்தில் அடைத்து, பழைய எண்ணெயை முறையாகச் சேர்க்கும் பணிமனையிடம் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, துளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையானால், எண்ணெய் மாற்றிய நாளையும், அதுவரை வண்டி ஓடிய கிலோமீட்டரையும், ஊற்றிய அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை மாற்றுபவர் நீங்களாயினும் பிறராயினும் அது பயன்படும்.